அண்ணன் கட்டிய வண்டியில் ஒரு காதுகுத்து

என் அருமை அண்ணா,

உன் வண்டி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். கிளம்பியது, ஓடியது, நின்று நின்று ஓடியது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. இருந்தாலும் கிளம்பியது. நீ இருந்திருந்தால் தெருமுனை திரும்புவதற்குள் எனக்குப் போன் போட்டு, "இன்னா வாயாடி, ஓடாதுன்னு சொன்னியே?" என்று கேட்டிருப்பாய். நேற்று முழுக்க அந்தப் போனுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேனோ என்னவோ, சும்மா சும்மா போனை எடுத்துப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். என் அண்ணன் சேகர் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வெல்டர். யாரோ கழித்துப் போட்ட ஒரு பழைய டெம்போ வேனை வாங்கி, லீவு நாள் எல்லாம் அதோடு மல்லுக்கட்டி, அதற்குள் கட்டில், அடுப்பு, மடக்கு மேஜை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடித்தனத்தையே வைத்தான். நம் பக்கத்தில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் வண்டி. அதனால் அந்தப் பெயரே வேண்டாம் என்று சொல்லி, அதற்கு நீ வைத்த பெயர் "வூடு". வூட்டாண்ட இருக்கேன் என்று நீ சொன்னால், எந்த வூட்டாண்ட என்று அண்ணி திருப்பிக் கேட்பார்.

கூரையை அளவுக்கு மீறி உயர்த்தாதே, காற்றில் ஆடும் என்று எல்லோரும் சொன்னார்கள். கலா குனிஞ்சிகினே சோறு ஆக்கணுமா என்று அண்ணியைக் காட்டிக் கேட்டு நீ உயர்த்தினாய். அதையாவது விடு. டிரைவர் சீட்டின் அடியில் ஒரு இரும்புத் தட்டு வைத்து, பக்கத்தில் ஒரு பிடி வைத்து, வண்டி நின்றதும் சீட்டை அப்படியே பின்பக்கமாகத் திருப்பிக்கொள்கிற மாதிரி செய்தாயே, அதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பு கொஞ்சமா? ஓடும்போது திரும்பிக்கொண்டால் என்ன செய்வாய் என்று என் வீட்டுக்காரர் முரளி கேட்டார். பூட்டு இருக்கிறது என்றாய். இது எதற்கு வேண்டாத வேலை என்று நான் கேட்டேன்.

"ஓடறப்பதான் டிரைவரு. வண்டி நின்னா அவனும் வூட்டு ஆளுதான். எல்லாரும் சிரிச்சி பேசிகினு இருக்கறப்போ அவன் மட்டும் முதுக காட்டிகினு உக்காரணுமா?"

அன்றைக்கு இதற்கும் சிரித்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டே வண்டிக்கு எந்த வண்ணத்தில் திரை போடலாம் என்று அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தாய். பேசிக்கொண்டே உட்கார்ந்தாய். பிறகு எழுந்திருக்கவில்லை. அலமாரிகளுக்குக் கதவு போட்டிருந்தாய், தாழ்ப்பாள் போடவில்லை. திரைக்குக் கம்பி போட்டிருந்தாய், திரை போடவில்லை. இதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது?

பங்காளிகளுக்குப் பதினாறு நாள் தீட்டு. கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள். நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டால் என் கணக்கு முடிந்தது, நான் வேறு வீட்டுக்காரி. உன்னோடு ஒரே தட்டில் சோறு பிடுங்கித் தின்றவளுக்கு மூன்றே நாள் என்று வைத்தது யார் என்று தெரியவில்லை, தெரிந்தால் நாலு கேள்வி கேட்பேன். ஆனால் எனக்குத் துக்கம் தீர்ந்துவிட்டது என்று முடிவானதால்தான், பொங்கல் முடிந்ததும் என் பெண் இனியாவுக்குக் காது குத்திவிடலாம் என்று என் மாமியார் ஆரம்பித்தார். உன் மருமகளுக்கு மூன்று வயது முடியப் போகிறது. மூன்றை விட்டால் அப்புறம் ஐந்துதான், ஊர் என்ன பேசும் என்றார். ஐந்து வயதிலேயே குத்தலாம் என்று நான் அடம்பிடித்தேன். ஐந்தில் குத்தினால் மட்டும் நீ வந்துவிடுவாயா? அதை யோசித்ததும் என் அடம் தானாகவே விட்டுப்போயிற்று.

குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். முதல் மொட்டை உன் மடியில்தான் அடித்தோம், உன் வேட்டி முழுக்க அவள் முடி. அடுத்தது காதுகுத்து. பெரியவளானால் பச்சை ஓலையில் குடிசை கட்டி உட்கார வைக்க வேண்டியதும் தாய்மாமன்தான். உன்னைக் கிடத்தியிருந்தபோது கும்பலில் யாரோ, மடி கொடுக்க ஆளில்லையே, குடிசை கட்ட ஆளில்லையே என்று இழுத்து அழுதார்கள். உன் முகத்தைப் பார்த்து வராத அழுகை எனக்கு அதைக் கேட்டுத்தான் வந்தது.

உன் இடத்தில் பெரியப்பா மகன் ஏழுமலை அண்ணன் உட்காரட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவர் செய்யூர் பக்கம் வேர்க்கடலை போட்டுக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் இருக்கிற மனுஷன். முரளியின் குலதெய்வக் கோயிலும் அங்கேதான். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, அவர் நீ இல்லை என்பதைத் தவிர. யார் மடியாக இருந்தால் என்ன, மடி மடிதானே என்று ஒருவர் சமாதானம் சொன்னார். அவரிடம் நான் அதற்கப்புறம் பேசவில்லை.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கோயிலுக்கு உன் வண்டியில்தான் போக வேண்டும். இனியா பிறந்த அன்றைக்கே நீ சொன்னாயே, காதுகுத்துக்கு வூட்டோடு கூட்டிப்போவேன் என்று. ஆனால் முரளிக்குப் பைக்கைத் தவிர வேறொன்றும் வராது. வெளி ஆளை அந்தச் சீட்டில் உட்காரவைக்க எனக்கு மனசு இல்லை. நீ உன் சந்தோஷத்துக்காக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த ஒரே ஆள் அண்ணிதான். அவரிடம் கேட்கப் போனேன். அவர் ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"வண்டிய நான் ஓட்டிகினு வரேன், செல்வி. கோயிலாண்ட வுட்டுட்டு வண்டியிலயே உக்காந்துகினு இருப்பேன். உள்ள வா, கிட்ட நில்லுன்னு மட்டும் கூப்புடாத. உம் பொண்ணு நல்லா இருக்கணும்."

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் வந்துவிடும், அதற்கு முன்னால் குத்திவிட வேண்டும் என்பதால் இருட்டு பிரியும்போதே கிளம்புவதாக ஏற்பாடு. மாமியாருக்கு முழங்கால் வலி, வரவில்லை, போனிலேயே கூட வந்தார். அண்ணி சாவியைத் திருகினார். வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது. ஆறு மாதமாக நின்றதில் பேட்டரி படுத்துவிட்டது. எதிரே பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தவர்கள் உன் ஷிஃப்ட் ஆட்கள் போலிருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்து தள்ளினார்கள். வண்டி பிடித்துக்கொண்டதும் ஒருவர் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினார். அண்ணி அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனார்.

நேரே போகிற வழி ஒன்று இருக்கும்போது உன் வழியில்தான் போவேன் என்றார் அண்ணி. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து ஒரு டீ, அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே. நீ போனில் இதைச் சொல்லிச் சொல்லி எங்களுக்கே மனப்பாடம். சுற்று வழியாச்சே என்று முரளி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணி கியர் மாற்றினார்.

கொளவாய் ஏரியின் மேல் பனி படுத்திருந்தது. ஏரிக்கரையில் ரயில் ஒன்று விளக்குகளோடு போனது, தண்ணீரிலும் அந்த விளக்குகள் போயின. இனியா உன் கட்டிலில் முட்டி போட்டு ஜன்னலில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உயரத்துக்கு ஜன்னல் சரியாக இருந்தது. அளவெடுத்தா வைத்தாய்? ஒவ்வொரு வேகத்தடையிலும் தாழ்ப்பாள் இல்லாத அலமாரி திறந்துகொண்டு டம்ளர்கள் உருண்டு விழ, முரளி பொறுக்கி அடுக்க, அடுத்த வேகத்தடையில் மறுபடியும் விழ, அது ஒரு கூத்து.

செங்கல்பட்டில் ரயில்வே பாலத்துக்கு அடியில் போக வேண்டிய இடத்தில் உன் கூரை காலை வாரிவிட்டது. அளவு மீறின வண்டி போகாதபடி குறுக்கே இரும்புக் கம்பி கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அதில் உன் உயர்ந்த கூரை ஒரு உரசு உரசி நின்றது. பின்னால் பஸ், ஆட்டோ, பள்ளிக்கூட வேன், எல்லாம் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "இன்னா அண்ணாத்த, வூட்டையே தூக்கிகினு வந்துட்டியா?" என்றார். அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஆமா, வூடுதான்" என்றார். பெண் பிள்ளை ஓட்டுகிறது என்று தெரிந்ததும் அவர் அடங்கிப்போய், அவரே பின்னால் நின்ற வண்டிகளை ஒதுக்கி, கை காட்டி, பின்னால் எடுக்க உதவினார். ஊரைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அண்ணிக்கு வரவில்லை. அந்தக் கூரையின் கீழே அவர் நிமிர்ந்து நின்று காலையில் எங்களுக்குக் காபி போட்டிருந்தார்.

திருக்கழுக்குன்றம் போகிற வழியில் நெல் அறுக்கிற மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயலில் கொக்குகள், அறுக்காத வயலில் காற்று, தூரத்தில் மலையும் மேலே கோயிலும். நல்ல காட்சிதான். ஆனால் எனக்கு அந்த மெஷினின் முதுகைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. அங்கே ஏழுமலை அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு, ஆசாரியை உட்காரவைத்துக்கொண்டு, எங்கே வருகிறீர்கள் என்று கேட்டபடி இருக்கிறார். இங்கே அவசரத்தில் நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்க்கிறேன். அந்த அவசரத்துக்கு அடியில் இன்னொரு நினைப்பும் ஓடியது. போய்ச் சேராமலே போனால் நல்லது என்று. போய்ச் சேர்ந்தால்தானே உன் இடத்தில் வேறு ஆள் உட்கார வேண்டும்.

மாமல்லபுரத்தில் டீக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் கூட்டம் கூடிவிட்டது. உயரமான வண்டி, ஜன்னல் வழியே தெரிகிற கட்டில், கேட்க வேண்டுமா? உள்ளே எந்த நடிகர் என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். முரளி கதவைத் திறந்து இறங்கியதும் அவர்கள் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே. அப்புறம் இனியா இறங்கினாள். அவளையாவது எடுப்போம் என்று ஒரு பெண் அவளைப் போட்டோ எடுத்தார். பக்கத்துக் கல் பட்டறைகளில் உளிச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்புக்கு நடுவில் கடல் தெரிந்தது. அண்ணி டீயை வாங்கி, கடலைப் பார்த்து நின்று, பாதி குடித்துவிட்டு மீதியைக் கீழே ஊற்றினார். நீ அப்படித்தான் பாதி டீயை ஊற்றுவாய், அவர் திட்டுவார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிளம்பும்போதே பத்து ஆகிவிட்டது. ராகு காலம் முடிந்து பன்னிரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், மத்தியானம் கோயில் சாத்திவிடுவார்களாம், அப்புறம் நடை திறப்பது சாயங்காலம்தானாம். மாமியார் போனில் அழவே ஆரம்பித்துவிட்டார். சகுனம் சரியில்லை என்றார். யார் ஓட்டுவது என்று நான்தான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே என்றார். போன் சத்தமாக இருந்தது. அண்ணி காதில் விழாமல் இருந்திருக்காது. அவர் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரர் கட்டிய பழைய கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி, முன்னால் புகை எழும்பியது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது, பெல்ட்டும் அறுந்திருந்தது. வண்டியைக் கடற்கரைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடிக்குத் தள்ளி நிறுத்தினோம். இடிந்த செங்கல் மதில் ஒரு பக்கம், மறுபக்கம் வலையும் படகும். மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருவர், கேட்காமலே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறவுட்டு ஊத்துமா, அவசரப்பட்டு மூடியத் திறக்காத என்று எச்சரித்துவிட்டுப் போனார். மெக்கானிக் சாயங்காலம்தான் வருவேன் என்றார். முரளி ஏழுமலை அண்ணனுக்குப் போன் போட்டு, இனி எங்களால் வர முடியாது, ஆசாரியை அனுப்பிவிடுங்கள் என்று சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. உனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு எதையும் மறைக்க வராது.

அனுப்பிவிடுவார் என்று பார்த்தால், மத்தியானம் தாண்டி பைக்கில் வந்து இறங்கினார் ஏழுமலை அண்ணன். பின்னால் ஆசாரி, ஆசாரி மடியில் தேங்காய், பூ, பழம் எல்லாம் வைத்த பை. புது வேட்டி முழுக்க ரோட்டுப் புழுதி. சாமியாண்ட போக முடியலைன்னா இன்னா, நாள் நல்ல நாளு, இங்கேயே பண்ணிடலாம் என்றார். அவ்வளவு தூரம் வெயிலில் வந்த மனுஷனை என்ன சொல்ல முடியும்? மடக்கு மேஜையை விரித்தோம். வாழையிலை போட்டு, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்தோம். அண்ணி மேல் அலமாரியிலிருந்து சீர்த் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பட்டுப் பாவாடை, சின்னதாய் ஒரு ஜோடி தங்கக் கம்மல், வெற்றிலை பாக்கு. தாய்மாமன் சீர் தாய்மாமன் வீட்டிலிருந்து வந்துவிட்டது. கொடுத்துவிட்டு அவர் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணாடி வழியே கடலைப் பார்த்தபடி. கோயிலில் எங்கே உட்காருவேன் என்று சொன்னாரோ, அங்கேயே.

ஏழுமலை அண்ணன் கட்டில் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் துண்டை விரித்தார். நான் இனியாவுக்குப் பாவாடை கட்டி, மாலை போட்டு, தூக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு எட்டு வைத்தால் அவர் மடி. என் கால் எழவில்லை, அண்ணா.

எல்லோரும் ஒரு பக்கமாக இருந்தோம். எல்லோர் நடுவிலும் விளக்கு எரிந்தது. உன் மனைவி மட்டும், நீ அவருக்காகவே உயர்த்திக் கட்டின கூரையின் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றுதானே போயிருந்தது? காலையிலிருந்து எத்தனை இடத்தில் நின்றது, ஒரு தடவையாவது நான் அந்தப் பிடியைத் தொட்டேனா?

குழந்தையை முரளியிடம் கொடுத்தேன். போய்க் குனிந்து, சீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பூட்டை விடுவித்தேன். கொஞ்சம் துரு ஏறியிருந்தது, இரண்டு கையாலும் இழுத்தேன். சீட்டைப் பிடித்துத் தள்ளினேன். அண்ணி உட்கார்ந்தபடியே அப்படியே எங்கள் பக்கம் திரும்பினார். ஸ்டியரிங்கிலிருந்து கழன்ற கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இனியாவை வாங்கி அவர் மடியில் உட்காரவைத்தேன்.

"வேணா செல்வி," என்றார். "குழந்தைக்கு ஆவாது. தூக்கிடு."

ஆசாரி கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஏழுமலை அண்ணனைப் பார்த்தார். தாலி இல்லாத கழுத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, இந்தம்மா மடியிலயா என்று மெல்லக் கேட்டார். முரளியின் போன் அடித்தது, அவர் அம்மாதான். நான் ஏழுமலை அண்ணனிடம் திரும்பி, மன்னிச்சிக்குங்க, இது எங்க அண்ணன் மடி என்றேன்.

ஏழுமலை அண்ணன் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறார் என்று நினைத்தேன். அவர் அண்ணியின் முன்னால் வந்து நின்று, ஆசாரியைப் பார்த்துச் சொன்னார்.

"இது அவன் வூடு. அவன் வூட்ல, அவன் சீட்ல, அவன் பொண்டாட்டி உக்காந்துகினு கீது. இதுல நாம கேக்கறதுக்கு இன்னா கீது? நீ வேலையப் பாரு."

முரளி போனை அணைத்துப் பையில் போட்டார். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வார்த்தை அதுதான்.

ஆசாரி சந்தனப் பொட்டு வைத்துக் குறி பார்த்தார். முதல் காதில் இனியா திகைத்துப்போய் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. வந்தபோது கோட்டை மதிலே இன்னொரு தரம் இடிந்திருக்கும். ஏழுமலை அண்ணன் வெளியே ஓடி, ஜன்னல் வழியாகக் கையை விட்டு உன் ஹாரனை அழுத்தினார். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹாரன் சத்தத்துக்கு அவள் கொஞ்சம் மலைத்த நேரத்தில் இரண்டாவது காதும் முடிந்தது. அவள் அழுத அழுகையில் கண்ணீரும் மூக்கும் சந்தனமும் அண்ணியின் புடவை முழுக்க. அண்ணி அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவள் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உன் பெயரைச் சொன்னார். சேகரு, சேகரு என்று, உன்னைக் கூப்பிடுகிற மாதிரியே. அவர் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதே இல்லை. நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அப்படித்தானா?

அப்புறம் எல்லோரும் புளிச்சோறு சாப்பிட்டோம். குடம் கொடுத்த அம்மா வந்து குழந்தைக்கு நெட்டி முறித்துவிட்டுப் போனார். வெயில் தணிந்து கடல் வேறு நிறமாக மாறியது, படகுகளை மேலே இழுக்க ஆரம்பித்தார்கள். வண்டியை யாரோ விலைக்குக் கேட்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்கள் என்று அண்ணியின் அண்ணன் ஏற்பாடு செய்திருந்தது உனக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கேட்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அண்ணியே வெளியே இறங்கிப்போய், தள்ளி நின்று, கூரையை அண்ணாந்து பார்த்தார். கீறல் வுழுந்துகீது, ஞாயித்துக்கிழம பெயிண்ட் அடிக்கணும், அவங்கள வர வேணான்னு சொல்லிடணும் என்றார். மெக்கானிக் வந்து பெல்ட் மாட்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. இனியா அழுது களைத்து உன் கட்டிலில் தூங்க, இரண்டு காதும் சிவந்திருக்க, நாங்கள் வீடு திரும்பினோம்.

அண்ணா, உன்னிடம் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். மூன்று நாளில் தீருகிற தீட்டு தீர்ந்தது, நீ இல்லாதது தீரவில்லை. தீராது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் குடிசை கட்ட ஆளில்லை என்று அன்றைக்கு அழுதார்களே, அதற்கு மட்டும் இனி நான் அழ மாட்டேன். இனியா பெரியவளாகிற அன்று எந்த மாமனையும் நான் கூப்பிடப் போவதில்லை. உன் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவேன். சுற்றிலும் பச்சை ஓலை கட்டுவேன். அவளை உள்ளே உட்கார வைப்பேன். டிரைவர் சீட்டை அவள் பக்கம் திருப்பி வைப்பேன். குடிசையை நீ முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறாய், இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த வாயாடித் தங்கச்சி,
செல்வி